கேள்வி கேட்ட பிறகு காத்திருந்த அனுபவம்

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். எந்தக் கேள்வி கேட்டாலும் முன்வரிசையில் அதே மூன்று கைகள்தான் உயரும். மற்ற பிள்ளைகள் யோசிக்கத் தொடங்குவதற்குள் பதில் வந்து பாடமும் நகர்ந்துவிடும்.

அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்து 1970களில் எழுதினார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருப்பது ஏறத்தாழ ஒரு விநாடிதான். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார்.

"மண்பானைத் தண்ணி ஏன் சில்லுன்னு இருக்கு? கை தூக்க வேணாம், மனசுக்குள்ள யோசிங்க" என்றேன். வகுப்பு அமைதியானது. அந்த அமைதியைத் தாங்குவது ஆசிரியருக்குத்தான் கஷ்டம். கடைசி வரிசையிலிருந்து, "பானை வேர்க்குது டீச்சர்" என்றாள் ஒருத்தி. "சரி" என்றுகூடச் சொல்லாமல் மறுபடி காத்திருந்தேன். பதிலுக்குப் பின் வரும் இந்த இரண்டாவது காத்திருப்பைத்தான் நாம் அதிகம் விட்டுவிடுகிறோம். "வேர்வை காயுறப்போ நமக்கும் சில்லுன்னு இருக்கும்ல?" என்றான் ஒருவன். "அப்போ எவர்சில்வர் குடத்துல ஏன் அப்படி ஆகல?" என்று இன்னொருத்தி கேட்டாள். நுண்துளை வழியே நீர் கசிவதும், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதும் அவர்கள் பேச்சிலேயே வந்துவிட்டன. கலைச்சொற்களை மட்டும் நான் கரும்பலகையில் எழுதினேன். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

கணக்கு ஆசிரியர்:
டீச்சர், வாய்ப்பாடு கேட்கும்போது இது பயன்படாது, 'ஏன்' என்று கேட்கும் இடத்தில்தான் பலன். "1/3 பெருசா, 1/4 பெருசா?" என்று கேட்டு, எல்லோரையும் சிலேட்டில் எழுதச் சொல்வேன். 4 பெரிய எண் என்பதால் பலர் 1/4 என்று எழுதுவார்கள். உடனே திருத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லச் சொல்வேன். ஒரு தோசையை மூன்று பேர் பிரிப்பதா, நாலு பேர் பிரிப்பதா என்று அவர்களே பேசிப் பேசி மாற்றி எழுதுவார்கள்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியை:
பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, கடைசியில்தான் பெயர். பத்தாம் வகுப்பில் போர்ஷன் முடிக்கும் நெருக்கடியில் எல்லாக் கேள்விக்கும் இப்படி நிற்க முடியாது. பீரியடுக்கு இரண்டு கேள்விகளை முதல் நாளே பாடக்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.