பெரிய கொடுவாவுக்கு 10 எல்பி பிரெய்டு போதுமா?

உப்பங்கழி: சென்னை பக்கம் முட்டுக்காடு கழிக்கு மீன் பிடிக்க உலக்கை மாதிரி ராடும் 30 எல்பி (பவுண்டு) தாங்குற பிரெய்டுமா, அதான் பின்னின தூண்டில் லைன், வர்றாங்க. கேட்டா "பெரிய கொடுவா அடிச்சா?"ங்கறாங்க. 10 எல்பியே தாராளம், நாலரைக் கிலோ இழுப்பு தாங்கும். லைன் தாங்குறதுல மூணுல ஒரு பங்குக்கு, அதாவது ஒன்றரைக் கிலோ இழுப்புக்கு டிராக் (மீன் இழுத்தா லைனை விட்டுக்கொடுக்கிற ரீல் பிரேக்) வெச்சா எட்டுக் கிலோ மீனையும் கரையேத்தலாம். ஓடுறப்ப விடணும், நின்னா சுத்தணும். மீன்பிடி சாதனைகளைப் பதியுற சர்வதேச அமைப்பு ஐஜிஎஃப்ஏ, 1 கிலோ தாங்குற லைனுக்குக்கூட தனியா சாதனைப் பட்டியல் வெச்சிருக்கு, சும்மாவா?

பாலத்தடி: பாலத்துக்குக் கீழ போட்டுப் பாருங்க ப்ரோ. தூண்டில் முள்ளு ஏறின உடனே கொடுவா தூணைப் பார்த்துதான் ஓடும். தூண் பூரா சிப்பி. ஒன்றரைக் கிலோ டிராக்ல எப்படித் திருப்புவீங்க? பிரெய்டு சிப்பில உரசினா முடிஞ்சுது, லூரை (பொய் இரை) வாயில வெச்சுக்கிட்டே மீன் போயிடும்.

உப்பங்கழி: பிரெய்டு நுனியில கட்டுற தடிச்ச லைன், 40 எல்பி லீடர், எதுக்கு இருக்கு? கொடுவாவோட கத்தி மாதிரி செவுள் மூடி ஓரத்துக்கே அது வேணும். லீடர் வேணாம்னு நான் சொல்லலையே.

பாலத்தடி: லீடர் ஒரு மீட்டர். அதுக்கு மேல பிரெய்டுதானே தூண்ல உரசுது? உங்க டிராக் கணக்குலயும் ஒண்ணு விட்டுப்போச்சு. லைன் ஓட ஓட ரீலோட ஸ்பூல்ல சுத்தியிருக்கிற லைன் குறையும், டிராக்கைத் தொடாமலே இழுப்பு ஏறும். அந்தச் சுத்தோட விட்டம் பாதியானா இழுப்பு ரெண்டு மடங்கு. ஒன்றரை மூணாயிடும். முடிச்சு அப்பதான் விடும்.

மீன்விடுவோம்: ரெண்டு பேரும் மீனை மறந்துட்டீங்க. மெல்லிசு லைன்னா சண்டை நீளும், தசையில லாக்டிக் அமிலம் சேரும். கோடையில கழித் தண்ணி சூடு, ஆக்சிஜன் கம்மி. விட்டதும் வாலை ஆட்டிட்டுப் போகும், அப்புறம் எங்கயாவது செத்து மிதக்கும். கொடுவா ஆணா வளர்ந்து, பெரிசானதும் பெண்ணா மாறுற மீன். நீங்க ஆசைப்படுற சைஸ் பெரும்பாலும் முட்டை போடுற பெண்தான். திருப்பி விடுறதா இருந்தா கனமான லைன்ல சீக்கிரம் இழுத்து, தண்ணியிலயே வெச்சு முள்ளைக் கழட்டுங்க.

குழம்புச்சட்டி: நான் விடுறதே இல்லண்ணே. அப்போ 10 எல்பி போடலாமா?

மீன்விடுவோம்: தம்பி, லைன் அறுந்தா வாயில முள்ளோட திரியப்போறது அதே மீன்தானே?

உப்பங்கழி: நேரம் இழுக்குறது லைனால இல்ல, ஆளால. ராடை நட்டுக்குத்தலா தூக்கிட்டு நிக்கிறவன் 30 எல்பியிலயும் அரை மணி நேரம் நிப்பான். ராடைப் பக்கவாட்டுல சாய்ச்சு, மீன் தலையைத் திருப்பிக்கிட்டே இருந்தா அது சீக்கிரமே அசந்துடும். திறந்த தண்ணில எனக்கு 10தான். பாலத்தடி உங்க ஏரியா, அங்க நான் வரல.

பாலத்தடி: பெரிசு நிக்கிறது அங்கதான் ப்ரோ.