இலையழுகலா, இலையுருக்கமா, இலைக்கரைவா? நீர்ச்செடி வளர்ப்பில் தீராத ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

நன்னீர்த் தொட்டியில் உயிர்ச்செடி வளர்ப்பதற்காக நாம் தொகுத்துவரும் தமிழ்ச் சொற்பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு இணக்கம் ஏற்பட்டுவிட்டது. ‘நீர்ச்செடித் தொட்டி’, ‘அடிமண்’, ‘கரிவளியூட்டம்’ (தொட்டி நீரில் கார்பன் டை ஆக்சைடு சேர்ப்பது) ஆகியவை குறித்து இனிப் பேச ஒன்றுமில்லை. செடியின் இலைகள் கூழாகிப் பிரிந்துபோவதைக் கடைக்காரரும் வளர்ப்பவரும் ‘மெல்ட்டிங்’ என்பார்கள்; அந்த நிகழ்வுக்கு மட்டும் மூன்று சொற்கள் நம் முன் நிற்கின்றன. இலையழுகல், இலையுருக்கம், இலைக்கரைவு என்னும் அம்மூன்றில் கடைசிச் சொல்லையே ஏற்க வேண்டும் என்று கருதுகிறேன். ஓசை நயத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்தால், அதைப் படிப்பவர் உயிருள்ள செடியைக் குப்பையில் போடுவார்.

முதலில் நிகழ்வைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கடைகளில் சிறு வலைத்தொட்டிகளில் விற்கப்படும் நீர்ச்செடிகளில் பெரும்பகுதி, பண்ணையில் நீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. வேர் ஈரத்தில் இருக்கும். இலையோ ஈரப்பதம் மிகுந்த காற்றில் இருக்கும். இவ்வாறு வளர்த்தால் செடி விரைந்து பெருகும், பாசி பிடிக்காது, நத்தை தொற்றாது, அனுப்புவதும் எளிது. ஆனால் காற்றில் விரிந்த இலை காற்றுக்கென்றே அமைந்தது. அதன் மேல் நீரிழப்பைத் தடுக்கும் மெழுகுப் படலம் தடித்திருக்கும். கரிவளியை இலைத்துளைகள் வழியே ஈர்க்கும். அந்த இலை தொட்டி நீரில் மூழ்கியதும் இந்த ஏற்பாடுகள் அனைத்தும் பயனற்றுப் போகின்றன. நீரில் கரிவளி பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு என்பதால், நீருக்குள் வாழும் இலை மெல்லியதாகவும், மெழுகுப் படலம் ஏறக்குறைய இல்லாததாகவும், மேற்பரப்பு முழுவதாலும் வளியை உறிஞ்சக்கூடியதாகவும் இருந்தாக வேண்டும். ஆகவே செடி பழைய இலைகளைக் கைவிட்டுப் புதிய இலைகளை விடுகிறது. கைவிடப்பட்ட இலை முதலில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலையை அடைகிறது. பிறகு ஓட்டை விழுந்து, கூழாகி, விரல் பட்டாலே பிரிந்துபோகிறது.

கிரிப்டோகோரைன் இனச் செடிகளில் இது இன்னும் கடுமையாக நிகழும். நீருக்குள்ளேயே நெடுங்காலம் வளர்ந்த செடியாக இருந்தாலும், இடம் மாற்றி நட்டாலோ, ஒளியோ வெப்பநிலையோ சட்டென்று மாறினாலோ, ஒரே நேரத்தில் பெருமளவு நீரை மாற்றினாலோ, சில நாள்களுக்குள் அத்தனை இலைகளும் போய்விடுவதுண்டு. தீபகற்ப மலேசியாவின் ஓடைகளுக்குரிய அஃபினிஸ், கோர்டாட்டா போன்ற கிரிப்டோகோரைன் வகைகளும் இதற்கு விலக்கல்ல. இலங்கையிலிருந்து உலகெங்கும் பரவிய ‘வெண்டியை’ என்ற வகையும் விலக்கல்ல. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரோடு இருக்கிறது. அதைப் பிடுங்காமல் விட்டுவைத்தால் சில வாரங்களில் அதே இடத்தில் புதிய குருத்து வரும்.

இந்த நிலையில் ‘அழுகல்’ என்ற சொல் தமிழரின் மனத்தில் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். அழுகிய பழத்தை ஒதுக்குகிறோம், அழுகிய காயை வெட்டி எறிகிறோம். அழுகல் என்றால் நோய், துர்நாற்றம், பக்கத்தில் உள்ளதற்கும் பரவும் கேடு என்பதே பொருள். ‘உங்கள் செடிக்கு இலையழுகல்’ என்று படித்த ஒருவர் அன்றைக்கே அதை வேரோடு பிடுங்கிவிடுவார், அல்லது தொட்டியில் மருந்து ஊற்றுவார். முதலாவது செடியைக் கொல்லும். இரண்டாவது தேவையில்லாமல் இறாலையும் மீனையும் வாட்டும். உண்மையில் அவர் செய்யவேண்டியது, கூழான இலைகளை மட்டும் எடுத்து அகற்றி, நீரில் நச்சான அமோனியா ஏறாமல் பார்த்துக்கொண்டு, செடியை அதன் போக்கில் விடுவதுதான். சொல்லைக் கேட்ட அளவில் கை எதைச் செய்ய முனையும் என்பதையும் சொல்லாக்குவோர் கணக்கில் கொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அழுகல் என்ற சொல்லைக் காத்து வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. மெய்யான அழுகலும் நீர்ச்செடித் தொட்டியில் நிகழ்கிறது. அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவற்றைக் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டி வளர்க்காமல், தண்டை மண்ணில் புதைத்து நட்டால் அத்தண்டு மென்மையாகிக் கெட்டுப்போகும். முகர்ந்தால் நாற்றம் தெரியும். பச்சை மாறாத இலைகள்கூட அடியோடு கழன்று மிதக்கும். இங்கே வளர்ப்பவர் காத்திருக்கக் கூடாது. கெட்ட பகுதியை நல்ல தண்டு தெரியும் வரை உடனே வெட்டி நீக்க வேண்டும். ஒன்றில் தண்டில் கைவைக்காமல் இருப்பது மருந்து, மற்றதில் உடனே வெட்டுவது மருந்து. இவ்விரண்டையும் ‘அழுகல்’ என்ற ஒரே சொல்லால் சுட்டினால் நம் பட்டியல் இருப்பதைவிட இல்லாதிருப்பதே நல்லது.

இனி ‘இலையுருக்கம்’. இது ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. தமிழில் உருகுவதற்கு வெப்பம் வேண்டும்: வெண்ணெய் உருகும், மெழுகு உருகும், ஈயம் உருகும். உள்ளம் உருகுவதும் அந்த வெம்மையின் நீட்சிதான். நீரால் நிகழ்வது கரைதல்: உப்பு கரையும், மழையில் மண்சுவர் கரையும். மலாய் மொழியும் ‘சாயிர்’ என்றும் ‘லாருட்’ என்றும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. தொட்டி நீரின் வெப்பம் நம் ஊரில் குளிர்விப்பான் இல்லாவிட்டால் 28 முதல் 30 பாகை வரை இருக்கும் என்பதால், ‘உருக்கம்’ என்று எழுதினால் வெப்பத்தால் விளைந்த கேடு என்று வாசகர் எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. குளிர்விப்பான் வாங்கச் சொல்லும் சொல்லாக அது முடிந்துவிடும்.

கரைவு என்பதற்கு வேதியியல் ஆசிரியரான நண்பர் எழுப்பிய தடை மதிக்கத்தக்கது. கரைசல், கரைப்பான், கரைதிறன் என்று பாடநூல்களில் நிலைபெற்ற குடும்பத்தில், துகள்துகளாகச் சிதையும் இலைக்கு இடமில்லை என்கிறார். ஆனால் கரைதலை வேதியியல் முழுமையாக வாங்கிக்கொள்ளவில்லை. களிமண் பிள்ளையாரைக் கரைக்கிறோம், அஸ்தியைக் கரைக்கிறோம், புளியைக் கரைக்கிறோம். இவற்றுள் எதுவும் வேதியியல் பொருளில் கரைசல் ஆவதில்லை. உருவம் நீரில் கலைந்து போவதையே மூன்றும் குறிக்கின்றன. இலைக்கு நிகழ்வதும் அதுவே. அவர் தந்த ‘இலைச்சிதைவு’ பிழையான சொல் அன்று. ஆயினும் சிதைவு என்பது காட்டுத் தரையில் விழுந்த சருகுக்கும் பொருந்துவதால், நீரில் நிகழ்வது என்ற குறிப்பு அதில் இல்லாமற்போகிறது. மேலும் ‘இலை கரைந்துவிட்டது’ என்று பேச்சில் தயக்கமின்றிச் சொல்லலாம். கடை முகப்பில் வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாத சொல் பட்டியலோடு நின்றுவிடும்.

இதையொட்டி, இருவகை இலைகளுக்கும் பெயர் வேண்டியிருக்கிறது. முன்மொழியப்பட்ட ‘நீர்மேல் இலை’ என்பது தாமரை, ஆம்பல் ஆகியவற்றின் மிதக்கும் இலையோடு குழம்பும். ‘காற்றிலை’, ‘நீரிலை’ என்ற இணை குறுகியதாகவும் அழகாகவும் இருந்தாலும், ‘நீரிலை’ என்பதை ‘நீர் இல்லை’ என்று படிக்கவும் தமிழ் இடம் தருகிறது. தொட்டி பற்றிய குறிப்பில் அது பெருந்தடுமாற்றம். நான் ‘வளிவாழ் இலை’, ‘நீர்வாழ் இலை’ என்பவற்றை முன்வைக்கிறேன். உயிர்வளி, கரிவளி என்று நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் பாடத்திலேயே படித்துவிடுவதால், இங்கே ‘வளி’ எவருக்கும் புதிதன்று. ஒரே செடியில் இவ்விருவகை இலைகளையும் காட்ட ஆராக்கீரையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. வயல் வரப்பில் நாம் அறிந்த அந்த நான்கு மடல் இலை வளிவாழ் இலை. அதன் இனத்தைச் சேர்ந்து தொட்டிகளில் வளர்க்கப்படும் மார்சீலியாக்கள் நீரில் மூழ்கியபின் விடும் ஒற்றை மடல் இலை நீர்வாழ் இலை. நீர்ப்பிரமியையும் பட்டியலில் அதன் தமிழ்ப் பெயராலேயே இடவேண்டும். ‘பக்கோபா’ என்ற பெயரில் கடையில் வாங்குபவர்களில் பலர் அது தம் பாட்டி அறிந்த மூலிகை என்பதை அறியமாட்டார்கள். அவ்வாறே அப்போனோசிட்டான் பெயரில் விற்கும் கிழங்குச் செடிகளை ‘கொட்டி’ என்று இடலாம். குளம் வற்றினாலும் நீங்காமல் ஒட்டியிருக்கும் உறவுக்கு உவமையாக ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துப் பிள்ளைகள் மனனம் செய்யும் அதே கொட்டிதான். இலையெல்லாம் இழந்து கிழங்காய் ஓய்ந்திருக்கும் பழக்கம் தொட்டியிலும் அதற்கு உண்டு. இந்த ஓய்வை இலைக்கரைவோடு சேர்த்துவிடாமல் ‘கிழங்கோய்வு’ என்று தனியே குறிக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது, மண்ணுக்குள்ளோ கல்லின் மேலோ கிடையாக வளரும் தண்டின், அதாவது ரைசோமின், பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ரைசோமை ‘மட்டநிலத் தண்டு’ என்கின்றன. இலங்கை வழக்கில் அது ‘வேர்த்தண்டுக்கிழங்கு’. அனுபியாஸின் தண்டு கல்லின் மேல் படர்வதால், ‘நிலம்’ வரும் சொல் அதற்குப் பொருந்தவில்லை. இலங்கைச் சொல்லோ, கிழங்கே இல்லாத ஜாவா பெரணிக்குப் பொருந்தவில்லை. நாட்டுமருந்துக் கடையில் ‘நாட்டு அதிவிடயம்’ என்ற பெயரில் விற்பது கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸின் இதே உறுப்புதான். ஆனால் அந்த வணிகத்திலும் இதற்குத் தனிச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ‘படர்தண்டு’ என்பது ஓடுதண்டோடு மயங்கும். ஆகவே ‘மட்டத்தண்டு’ என்று சுருக்கி வைத்துக்கொண்டு, முன்னர்ச் சொன்ன நோயை ‘மட்டத்தண்டழுகல்’ எனலாம் என்று தோன்றுகிறது. நம்மோடு இப்பட்டியலைப் பார்த்துவரும் யாழ்ப்பாணத்து ஐயா தம் வகுப்பறை வழக்கைப் பார்த்து மறுமொழி எழுதியதும் இந்த ஒரு வரியை முடிவு செய்துகொள்வோம். இலைக்கரைவு, வளிவாழ் இலை, நீர்வாழ் இலை ஆகிய மூன்றுக்கும் மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து