நீலத் திரை வந்தது என்றால் அது இன்சைடர் பில்டே இல்லை

காரிமங்கலம் சர்வீஸ்:
நேற்று ஓசூர் டெஸ்டர் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாங்காய் மண்டியின் பில்லிங் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இன்சைடர் (வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கத் தரும் பதிப்பு), அதுவும் அதில் ஒரு பிரிவான டெவ் சேனல் பில்டை ஏற்றினாராம். எடை மெஷினிலிருந்து வரும் யுஎஸ்பி கேபிளுக்கு டிரைவர் (சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) எடுக்கவில்லையாம். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் போய் 7 அழுத்தி, டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்துச் சோதனையை நிறுத்திவிட்டு, எங்கிருந்தோ இறக்கிய பழைய டிரைவரைத் திணித்தாராம். "ஒரே ஒரு தடவை நீலத் திரை வந்தது, அப்புறம் சும்மா பறக்கிறது, எல்லாரும் தைரியமாகப் போடலாம்" என்று முடித்திருக்கிறார்.

இதைப் பார்த்துவிட்டு பேசாமல் போக என்னால் முடியாது. நாளைக்கு நம் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் இதை நம்பிக் கடைகளில் போடுவார்கள்.

முதல் விஷயம், நீலத் திரை. இன்சைடர் பில்டில் சிஸ்டம் விழுந்தால் வருவது பச்சைத் திரை. 2016 கடைசியில் தலைகாட்டிய 14997 பில்டிலிருந்து அப்படித்தான். பயனர் அனுப்பும் படம் சோதனைப் பதிப்பில் எடுத்ததா, வெளியான பதிப்பில் எடுத்ததா என்று பார்த்த உடனே தெரியவேண்டும் என்றுதான் நிறத்தையே மாற்றினார்கள். டெவ் சேனலில் நீலம் வந்தது என்கிறவர் டெவ் சேனலில் இல்லை. அப்படியானால் அந்த மண்டியில் எதை ஏற்றினீர்கள்? யாரோ வெட்டி ஒட்டிய ஐஎஸ்ஓவா, அதாவது இன்ஸ்டால் ஃபைலா?

ஓசூர் டெஸ்டர்:
வணக்கம் காரிமங்கலம் அண்ணா. நான் எழுதியது டிரைவரைப் பற்றி. நீங்கள் பிடித்துக்கொண்டது கலரை. என் கண்ணால் பார்த்தேன், நீலம். மண்டிக்காரரும் பார்த்தார், நீலம். உங்கள் பில்ட் நம்பர் மனப்பாடத்துக்காக நான் பார்த்ததை மாற்றிச் சொல்ல முடியாது.

இன்னொன்று. சிப்காட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி வேலை பார்க்கிறவன் நான். ஐஎஸ்ஓ எங்கே இறக்குவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

காரிமங்கலம் சர்வீஸ்:
கண்ணால் பார்த்தது எல்லாம் சரி. பதிப்பைக் காட்டும் வின்வெர் கட்டளையை அடித்துப் படம் போடுங்கள். இன்சைடர் பில்டாக இருந்தால் பில்ட் எண்ணோடு அது காலாவதியாகும் தேதியும் அதிலேயே வரும். ரன் பெட்டியில் ஆறு எழுத்து அடிக்கிற வேலை, அவ்வளவுதான்.

நிறம் சின்ன விஷயம் இல்லை. பச்சை என்றால் சோதனைப் பதிப்பின் கோளாறு என்று ஒரு பக்கம் தேடுவோம். நீலம் என்றால் தேடுகிற இடமே வேறு. இது தெரியாமல் டிரைவர் தீர்வு சொல்ல வருவது தப்பு.

பர்கூர் பிரவுசிங்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். சிஸ்டம் விழுந்த அன்றைய தேதியில் டம்ப் ஃபைல் (விழுந்த நேரத்து நிலையின் பதிவு) இருந்தால் அதைப் படிக்கும் கருவியான வின்டிபிஜியில் திறந்து அனலைஸ் கட்டளை கொடுங்கள். எந்த மாட்யூலில் விழுந்தது என்று பெயரோடு சொல்லும். அது கேபிள் டிரைவரின் சிஸ் ஃபைலா, டிஸ்ப்ளே டிரைவரா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஈவென்ட் வியூவரில் பக்செக் 1001 என்ற பதிவும் இருக்கும். நிறத்தை வைத்து என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

காரிமங்கலம் சர்வீஸ்:
பர்கூர் தம்பி, டம்ப் ஃபைல் நாளைக்கும் இருக்கும். முதலில் எந்தப் பதிப்பு என்று தெரியட்டும். அவர் நீலம் என்கிறாரே, அதற்குப் பதில் வரட்டும்.

பென்னாகரம் ரோடு:
நீலம், பச்சை இரண்டும் பழசு. 2025ல் விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்புக்கு வந்த அப்டேட்டிலிருந்து கறுப்புத் திரை ஆகிவிட்டது. சோக முகமும் கியூஆர் கோடும் போயே போய்விட்டது.

ஓசூர் டெஸ்டர்:
பாருங்கள் அண்ணா. நிறம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. நீங்கள் 2016லேயே நின்றுவிட்டீர்கள்.

காரிமங்கலம் சர்வீஸ்:
கறுப்பானது வெளியான பதிப்புக்கு. இன்சைடருக்கு அப்போதும் பச்சைதான். இதைக்கூடப் படிக்காமல் கைதட்டாதீர்கள். கறுப்பு என்று சொல்லியிருந்தாலாவது வேறு கதை. நீங்கள் சொன்னது நீலம்.

ராயக்கோட்டை ஹார்டுவேர்:
ஒருவேளை மானிட்டர் பழசோ? விஜிஏ கேபிளில் பச்சை போகிற பின் வளைந்திருந்தால் நிறம் மாறித் தெரியும். மண்டிகளில் இருக்கிற மானிட்டர் எல்லாம் தூசி ஏறி, கேபிளை எலி கடித்து, அந்த நிலையில்தான் இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாமே.

காரிமங்கலம் சர்வீஸ்:
நல்ல யோசனை, ஆனால் நிற்காது. பச்சை பின் போனால் வெள்ளை எழுத்து மொத்தமும் ரோஸ் கலந்த ஊதாவாகத் தெரியும். டெஸ்க்டாப், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாமே அப்படித்தான் இருக்கும், மண்டிக்காரர் அன்றைக்கே கூப்பிட்டிருப்பார். ஓசூர் தம்பி, அந்தத் திரையில் எழுத்து என்ன நிறம்?

ஓசூர் டெஸ்டர்:
வெள்ளை. பளிச்சென்று வெள்ளை. பின்னணி நீலம். இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

காரிமங்கலம் சர்வீஸ்:
அப்படியானால் பச்சை வராத பில்ட். அப்படியானால் இன்சைடர் இல்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஓசூர் டெஸ்டர்:
நீங்கள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறீர்கள். நான் ஏன் சோதனைப் பதிப்பு போடுகிறேன் தெரியுமா? 2018 அக்டோபரில் விண்டோஸ் 10ன் 1809 பதிப்பு வந்தபோது என்ன நடந்தது? டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த ஆட்களில் சிலருக்கு ஃபைல்களே காணாமல் போனது. வெளியிட்ட சில நாளிலேயே நிறுத்தி, நவம்பர் 13ல்தான் மறுபடி விட்டார்கள். அந்தக் கோளாறை இன்சைடர் ஆட்கள் முன்னாடியே மைக்ரோசாஃப்டுக்குக் குறை சொல்லும் ஃபீட்பேக் ஹப்பில் எழுதியிருந்தார்கள். ஓட்டுக் குறைவாக விழுந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நம் மாதிரி ஆட்கள் நிஜமான வேலை நடக்கிற இடத்தில் போட்டுப் பார்த்துச் சொன்னால்தான் இந்த மாதிரி விஷயம் வெளியே வரும். வீட்டில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரில் எடை மெஷின் கேபிளை யார் செருகப் போகிறார்கள்?

காரிமங்கலம் சர்வீஸ்:
1809 கதை எனக்கும் தெரியும். அந்தக் கதையே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. சோதித்தவர்கள் தங்கள் ஃபைலைப் பறிகொடுத்தார்கள், அடுத்தவர் கடைக் கணக்கை இல்லை. நீங்கள் கை வைத்தது மண்டிக்காரரின் பாக்கிக் கணக்கில். ஒவ்வொரு விவசாயிக்கும் எத்தனை டன் பெங்களூரா ரக மாங்காய் இறங்கியது, எவ்வளவு முன்பணம் போனது, எல்லாம் அந்த ஒரே டிஸ்கில். பேக்கப் எடுத்தீர்களா? பதிவில் ஒரு வரி இல்லை.

கையெழுத்துச் சோதனைக்கு வருகிறேன். 64 பிட் விண்டோஸில் கெர்னல் (சிஸ்டத்தின் உள்மையம்) டிரைவருக்குக் கையெழுத்து வேண்டும் என்பது விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. 7 அழுத்தி நிறுத்தினால் அது அந்த ஒரு ஓட்டத்துக்குத்தான். ரீஸ்டார்ட் ஆனால் சோதனை திரும்ப வந்து நிற்கும். கையெழுத்து இல்லாத டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 52. நம் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போய் வருகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் மண்டி கணக்குப்பிள்ளை ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் போட்டு, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போவாரா? இல்லை, சோதனைக் கையெழுத்து டிரைவரையும் ஏற்கும் டெஸ்ட் மோடை நிரந்தரமாகப் போட்டு, அதற்காக செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பையும் அணைத்துவிட்டீர்களா? அதைச் சொல்லுங்கள்.

அந்தக் கேபிள் இருக்கிறதே, உள்ளே இருக்கிற சிப் ரொம்பப் பழசாக இருந்தால் விண்டோஸ் 11 டிரைவர் அதை ஏற்கவே ஏற்காது. 2012லேயே நிறுத்தப்பட்ட சிப், விற்றவரைக் கேளுங்கள் என்று சாதனத்தின் பெயர் வருகிற இடத்திலேயே எழுதிக் காட்டும் ரகமும் உண்டு. அதற்கு மருந்து வேறு கேபிள். சோதனைப் பதிப்பும் இல்லை, 7ஆம் நம்பரும் இல்லை.

ஓசூர் டெஸ்டர்:
2014ல் இந்த மாதிரிக் கேபிள் சிப் செய்யும் எஃப்டிடிஐ கம்பெனி என்ன செய்தது? விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த புது டிரைவர், போலி சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கிப் போட்டது. அது முறையாகக் கையெழுத்திட்ட டிரைவர்தான். கையெழுத்து இருந்தால் எல்லாம் உத்தமம் என்று பேசாதீர்கள். அதனால்தான் பழைய டிரைவர் போட்டேன்.

காரிமங்கலம் சர்வீஸ்:
அது போலிச் சிப்பின் கதை. உங்கள் கேபிள் போலி என்று ஒத்துக்கொள்கிறீர்களா? அப்படி என்றால் அதையும் பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில்தான் வாங்கியிருப்பீர்கள். ஓசூர்க்காரர்களுக்கு அதுதானே வழக்கம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், பில் இல்லை, வாரண்டி இல்லை. நாங்கள் இங்கே ஜிஎஸ்டி பில் போட்டு விற்றால் விலை அதிகம் என்று பேச்சு.

ஓசூர் டெஸ்டர்:
இப்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. போன வருஷம் ராயக்கோட்டையில் ஒரு ஸ்கூல் ஆர்டர் எனக்கு வந்தது, உங்களுக்கு வரவில்லை. அன்றையிலிருந்து என் பதிவு எதைப் பார்த்தாலும் உங்களுக்கு எரிகிறது. தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வளர்ந்ததே பிடிக்கவில்லை.

பென்னாகரம் ரோடு:
மாவட்டத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? 2004 பிப்ரவரி 9க்கு முன்னாடி நீங்களும் தருமபுரி மாவட்டம்தான். கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு ஓசூரிலிருந்து இங்கேதான் பஸ் ஏறி வந்தீர்கள்.

ஓசூர் டெஸ்டர்:
1965 அக்டோபர் 2க்கு முன்னாடி நீங்கள் சேலம். அதைச் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

தேன்கனிக்கோட்டை லினக்ஸ்:
டிரைவரைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம். 2008ல் லினக்ஸ் கெர்னல் 2.6.27 சோதனையில் இருந்தபோது இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் சில அப்படியே செத்துப்போயின. கார்டுக்குள் இருக்கிற அழியா நினைவகமே சிதைந்துவிட்டது. எல்லாரும் அந்தக் கார்டுகளின் இ1000இ டிரைவரைத்தான் திட்டினார்கள். தோண்டிப் பார்த்தால் குற்றவாளி கெர்னலில் புதிதாகச் சேர்த்த, அதன் ஓட்டத்தைத் தடம்பிடிக்கும் எஃப்டிரேஸ் வசதி. டிரைவர் பெயர் வருகிற இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்று நிச்சயம் இல்லை. மண்டிக்கு லினக்ஸ் போட்டிருந்தால் இந்த யுஎஸ்பி சீரியல் கேபிளுக்கு டிரைவர் தேடவே வேண்டாம், பெரும்பாலான சிப்புகளுக்குக் கெர்னலிலேயே இருக்கிறது.

காரிமங்கலம் சர்வீஸ்:
அந்த பில்லிங் சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடாது. யாரும் கேட்கவில்லை.

தேன்கனிக்கோட்டை லினக்ஸ்:
எப்போதும் இதே பதில்தான். அரசு இலவச லேப்டாப்பில் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தபோது அதை முதலில் அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் வைத்தவர்கள் நீங்கள் எல்லாம்.

ஊத்தங்கரை மாணவன்:
அண்ணா, அந்த இலவச லேப்டாப் என் அக்காவிடம் இருக்கிறது. அதில் இன்சைடர் போடலாமா?

பர்கூர் பிரவுசிங்:
வேண்டாம் தம்பி. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு. அதைத் தாண்டிக் குதித்தாலும், ரொம்பப் பழைய பிராசஸராக இருந்து பாப்கவுன்ட் கட்டளை இல்லாவிட்டால் 24எச்2 பூட்டே ஆகாது.

ஓசூர் தம்பி, உங்களுக்கும் ஒன்று. டிரைவர்களை நிர்வகிக்கும் பிஎன்பியூடில் என்ற கட்டளையில் டிரைவர் பட்டியல் எடுங்கள். நீங்கள் திணித்தது ஓஇஎம் என்று தொடங்கி ஒரு எண்ணோடு ஐஎன்எஃப் பெயரில் இருக்கும். அன்இன்ஸ்டால் சேர்த்து அதை அழித்துவிட்டு கேபிளை மறுபடி செருகிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் மட்டும் நீக்கினால் பழைய டிரைவர் ஸ்டோரில் அப்படியே உட்கார்ந்திருக்கும். கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் பழைய டிரைவரைத் தடுக்கும். இதைச் செய்துவிட்டு டம்ப் ஃபைலை இங்கே ஏற்றுங்கள்.

ஓசூர் டெஸ்டர்:
பீட்டா சேனலில் அதெல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

காரிமங்கலம் சர்வீஸ்:
பீட்டாவா? எல்லாரும் பாருங்கள். நேற்று டெவ், இன்றைக்கு பீட்டா. நாளைக்கு இன்னொரு சேனலான ரிலீஸ் ப்ரிவ்யூ என்பார். சேனலே நிற்கவில்லை, நீலம் மட்டும் நிற்கிறதாம்.

ஓசூர் டெஸ்டர்:
அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன், அதற்கு இவ்வளவா? டெவ்தான். நீலம்தான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

காரிமங்கலம் சர்வீஸ்:
டெவ் என்றால் இன்னொன்று கேட்கிறேன். ஏற்றிப் பத்து நாள் தாண்டிவிட்டதா? அதற்குள் என்றால் ரெகவரியில் போய்ப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம், விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டரைக் கை வைக்காமல் இருந்தால். தாண்டிவிட்டால் டிஸ்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். சீசன் நடுவில் எந்த மண்டிக்காரர் அதற்கு நேரம் கொடுப்பார்? இதை அவரிடம் சொல்லிவிட்டுப் போட்டீர்களா?

ஓசூர் டெஸ்டர்:
மண்டிக்காரர் என் வாடிக்கை. அவரிடம் என்ன சொன்னேன் என்பது எங்களுக்குள். அதுசரி, நேற்று மத்தியானம் உங்கள் கடைப் பையன் பைக்கில் அந்த மண்டிக்குப் போனானே, எதற்கு? எனக்கு எல்லாம் தெரியும். பச்சை நீலம் என்று இங்கே சண்டை, அங்கே ஆளைப் பிடிக்கிற வேலை.

காரிமங்கலம் சர்வீஸ்:
நான் ஆளைப் பிடிக்கவில்லை. அவரே கூப்பிட்டார். எடை ஸ்கிரீனில் வரவில்லை, லாரி வரிசையில் நிற்கிறது என்று குரல் நடுங்கச் சொன்னார். பையன் ஒரு கேபிளை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். பேக்கப்பும் எடுத்து பென் டிரைவில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். கேட்டுக்கொள்ளுங்கள்.

ராயக்கோட்டை ஹார்டுவேர்:
பையன் போனபோது வின்வெர் பார்த்தானா?

காரிமங்கலம் சர்வீஸ்:
லாரி நிற்கிறபோது அதற்கு எங்கே நேரம்? ஆனால் பார்க்கத் தேவையே இல்லை. நீலம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஓசூர் டெஸ்டர்:
கைக்கு எட்டிய இடத்தில் வின்வெர் அடிக்காமல் வந்துவிட்டு என்னிடம் படம் கேட்கிறீர்கள். லாரி நின்றது மழைக்கு, என் டிரைவருக்கு இல்லை. அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு என் கேபிளை நாளைக்குக் காலையில் போய் மாட்டத்தான் போகிறேன்.