கொழும்பில் வீடு பார்க்கப் போன கதைகள்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

ஆறாம் மாடி

பதினொரு வருடத்தில் வெள்ளவத்தைக்குள்ளேயே நாலு வாடகை வீடு மாறி, போன வருடம்தான் சொந்தமாக ஒரு தொடர்மாடி வீடு வாங்கினோம். வாங்கிய கதையை விட வாங்காமல் தப்பிய கதைதான் பெரிது. அதை முதலில் சொல்கிறேன்.

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் புதுக் கட்டடம். தரகர் எங்களை லிஃப்டில் நேரே ஆறாம் மாடிக்குக் கூட்டிப்போனார். பல்கனிக் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கி நின்றார். கெட்டிக்கார மனுசன். கடல், தண்டவாளம், மரைன் டிரைவில் ஓடும் வாகனங்கள், எல்லாம் காலடியில். என் கணவர் அங்கேயே மயங்கிவிட்டார். விலையும் பக்கத்துக் கட்டடங்களை விடக் குறைவு. எனக்கு உறுத்தியது அந்த விலைதான்.

முற்பணம் கொடுக்க முன்னர், அப்பாவின் சிநேகிதரான, சொத்துப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் பத்திரங்களின் பிரதிகளைக் கொண்டுபோனோம். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாநகர சபை அங்கீகரித்த பிளானை மேசையில் விரித்தார். கீழிருந்து மேலே விரல் வைத்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"பிள்ளை, நீங்கள் பார்த்தது எத்தினையாம் மாடி?"

"ஆறு, மாமா."

"இதில அஞ்சுதான் கிடக்கு."

அங்கீகாரம் ஐந்து மாடிக்கு. பில்டர் மேலே ஒன்றைக் கூட்டிக் கட்டியிருக்கிறார். அங்கீகரித்த பிளானுக்கு மாறாகக் கட்டினால் இணக்கச் சான்றிதழ் கிடைக்காது. தரகர்கள் சி.ஓ.சி. என்று சொல்வது இதைத்தான். அது இல்லாமல் கட்டடத்தைத் தனித்தனி வீடுகளாகப் பிரிக்கும் பிளான் பதிவாகாது. அந்தப் பிளான் பதிவாகாவிட்டால் உங்கள் வீட்டுக்கென்று தனி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுத வழியில்லை. தொடர்மாடி வீட்டைத் தனிச் சொத்தாக உரித்தாக்குவது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம்; அதன் வாசல் இந்தப் பிளான்தான். மாமா கேட்டார்: "இப்ப என்னத்தை வாங்கப் போறியள்? காத்தையோ?"

தரகரிடம் கேட்டேன். "அதெல்லாம் வந்திடும் அக்கா, இன்னும் ஆறு மாசம்" என்றார். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு அம்மாவை லிஃப்டில் சந்தித்தேன். அவ குடிவந்து மூன்று வருடமாம். அவவுக்கும் அதே ஆறு மாதம்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது இருக்கும் வீடு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி. கடல் தெரியாது, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்புத் தெரியும். ஆனால் உறுதி இருக்கிறது. இதற்கு நான்கு தரம் போனோம்: ஞாயிறு காலை, வேலைநாளில் பள்ளிக்கூடம் விடும் நேரம், இரவு பத்து மணி, ஒரு மழை நாள். ஞாயிறு காலையில் கொழும்பில் எந்த ஒழுங்கையும் அமைதியாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரம் வான்கள் இரண்டு பக்கமும் நிற்கும்போது உங்கள் கார் உள்ளே போகுமா என்று பாருங்கள். இரவில் போனதால்தான் மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு நேர் பின்னால் இருப்பது தெரிந்தது. அதைச் சொல்லியே விலையையும் கொஞ்சம் இறக்கினோம்.

கடற்பக்கம் பார்க்கிறவர்கள் ஏசியின் வெளிப் பெட்டியையும் ஜன்னல் கிறிலையும் தொட்டுப் பாருங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். கை மண்ணிறமானால் அந்தச் செலவு இனி உங்களுடையது.

பதின்மூன்றுக்காரன்

அக்கா, உங்களுடையது புதுக் கட்டடத்துப் பிரச்சினை. எங்கள் கொட்டாஞ்சேனையில் எல்லாம் பழைய வீட்டுப் பிரச்சினை.

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு வீடு. ஆறரைப் பேர்ச்சஸ் காணி, ஓட்டுக் கூரை, நடுவில் சின்ன முற்றம். விற்கிறவர் முன்பக்கம் எல்லாம் காட்டிவிட்டு, "பின் அறையில ஒரு ஆன்ட்டி இருக்காங்க, சொன்னா போயிருவாங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்த 'சொன்னா' பிடிக்கவில்லை. அடுத்த நாள் தனியாகப் போனேன். ஆன்ட்டி உட்காரச் சொல்லி பிளேன்டீ ஊற்றித் தந்தாங்க. நான் விஷயத்தைத் தொடங்குவதற்குள் அவங்களே எழும்பிப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாங்க. உள்ளே வருடக் கணக்கில் வாடகைப் பற்றுச்சீட்டுகள், நூலால் கட்டுக் கட்டாக. மேலே இருந்தவை அவங்களுடைய பெயரில், அடியில் இருந்தவை அவங்க அப்பா பெயரில். இடையில் ஒரு கட்டு மாநகர சபைப் பற்றுச்சீட்டு. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தபோது அங்கே போய்க் கட்டியிருக்காங்க.

"தம்பி, வீட்டை யாரு வேணும்னாலும் வாங்குங்க. வாடகையை யாருக்குக் குடுக்கணும்னு மட்டும் சொல்லிருங்க."

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் வாடகைக்காரர் வீடு கைமாறுவதால் வெளியே போக மாட்டார். வாங்குகிறவர் அவரையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். வாடகைக்காரர் காலமானாலும் கூட இருந்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை போகலாம். வழக்குப் போட்டால் என் மகன் காலத்தில்தான் முடியும் என்று லோயர் சிரித்தார். பிளேன்டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் முத்துமாரியம்மன் கோயில் பக்கம் கண்டால் "வீடு கெடச்சிச்சா தம்பி" என்று கேட்பாங்க.

இன்னொன்று. எங்கள் பக்கம் பங்குக் காணி அதிகம். தாத்தா பெயரில் உறுதி, பிள்ளைகள் ஏழு பேர், அதில் இரண்டு பேர் அவுஸ்திரேலியாவில். ஒருவர் மட்டும் வந்து "முன்பக்கம் எனக்கு" என்று விற்பார். பிரிவினை நடக்காத வரை முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்றும் இல்லை. ஏழில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

குண்டூசி

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கறண்ட் போனதே, அன்றைக்கு நான் எட்டாம் மாடியில். ஜெனரேட்டர் இருக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். இருந்தது. டீசல்தான் இல்லை. காஸும் இல்லாததால் பல்கனியில் கரி அடுப்பு வைத்தேன். மேல் வீட்டு அன்ரி தன் உடுப்பெல்லாம் புகை மணக்குது என்று கீழே வந்து சண்டை பிடித்தா. கடைசியில் இரண்டு வீட்டுக்கும் அதே அடுப்பில்தான் சோறு வெந்தது.

ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் மட்டுமா, வீட்டுக்குள்ளும் வருமா என்று கேளுங்கள்.

கல்கிசைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால்

நாங்கள் தெஹிவளையில் வாடகைக்கு இருந்துகொண்டு வெல்லம்பிட்டியில் ஒரு வீடு பார்த்தோம். பட்ஜெட்டுக்கு ஏற்ற விலை, பள்ளியும் கிட்ட. விற்கிறவர் நல்லா உபசரித்தார். என் கணவர் ஹாலில் அவரோடு பேசிக்கொண்டிருக்க, நான் ஃபோனை சார்ஜ் போட பிளக் தேடினேன். கீழே எங்கும் இல்லை. கடைசியில் பார்த்தால் என் தோளுக்கு நேரே இருக்கிறது. குசினியிலும் அப்படி. அறைகளிலும் அப்படி. கீழ்த்தளம் முழுக்க ஒரு பிளக் கூட இடுப்புக்குக் கீழே இல்லை. சுவரிலும் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயிண்ட்.

"நானா, ஏன் பிளக்கெல்லாம் இவ்வளவு உசரத்துல?" என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைகள் இருந்தாங்க தங்கச்சி, பாதுகாப்புக்கு" என்றார்.

வெளியே வந்து தெருமுனைக் கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கும்போது கடைக்காரரிடம் கதை கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குளிர்பெட்டியைக் காட்டினார். அது மூன்றடி சீமெந்து மேடைக்கு மேலே நின்றது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது பழைய பெட்டி மிதந்து போனதாம். அதற்குப் பிறகு கட்டிய மேடை.

விலை ஏன் அவ்வளவு நல்லா இருந்தது என்று அப்போது புரிந்தது. கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் எல்லா இடமும் தாழ்வில்லை. ஆனால் பிளக்கைப் பாருங்கள்.

பழைய கிளாக்கர்

கந்தோர் ஒன்றில் காலம் கழித்தவன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கத் தெஹிவளையில் ஒரு வீடு வாங்கினேன். நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட்டு, படம் எடுத்து, பால்சோறும் சாப்பிட்டாயிற்று. இரண்டு மாதம் கழித்துக் காணிக் கந்தோருக்குப் போய் எங்கள் காணியின் பதிவுப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பழைய சொந்தக்காரரின் பெயரோடு பக்கம் நிற்கிறது. எங்கள் உறுதி இல்லை. நொத்தாரிசிடம் தொலைபேசியில் கேட்டால், "ஐயா, மறந்தே போனன், இந்தக் கிழமை போட்டுவிடுறன்" என்கிறார். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவருடைய வாசலில் நான் நின்றேன்.

பதியாத உறுதி கையில் இருக்கும்போது, அதே காணியை விற்றவர் இன்னொருவருக்கும் காசுக்கு எழுதி, அவர் முந்திப் பதிந்தால், பிந்திய உறுதிக்குத்தான் முதலிடம். நொத்தாரிசுமார் ஒவ்வொரு மாதத்து உறுதிகளின் இரண்டாம் பிரதிகளையும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருந்தாலும் நீங்களே போய்ப் பாருங்கோ. வாங்க முன்னரும் முப்பது வருடத்துக்காவது பின்னோக்கித் தேடுவிக்க வேண்டும். ஈடு (அடமானம்) கிடக்கிறதா, வழக்குக் கிடக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் தெரியும்.

முத்திரை வரியை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். மேல் மாகாணத்தில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 2 கோடி ரூபாய் வீட்டுக்கு 7 இலட்சத்து 99 ஆயிரம். அது வாங்குகிறவர் தலையில். உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம் என்று சில தரகர் காதில் ஓதுவார்கள். மாகாண மதிப்பீட்டாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மிச்சத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

எங்களுக்கு வீட்டை விற்றவ யாழ்ப்பாணத்து அம்மா. காணி அவவின் பெயரில்தான், ஆனாலும் யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தைச் சொல்லிக் கணவரின் கையொப்பமும் வேண்டும் என்று நொத்தாரிசு பிடிவாதமாக நின்றார். அந்த மனுசன் ஊரில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து கையொப்பமிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார். பதிவதில் மறந்தாலும் இதில் நொத்தாரிசு சரியாக இருந்தார், சொல்லத்தான் வேண்டும்.

ஸ்காபரோ தங்கச்சி

அண்ணை, ஒரு கேள்வியும் ஒரு கதையும். நான் கனடாக் குடியுரிமை எடுத்தாயிற்று. பம்பலப்பிட்டியில் அம்மாவுக்காக என் பெயரில் காணியோடு ஒரு வீடு வாங்க வந்தேன். லோயர் ஒரே சொல்லில் முடித்தார்: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் விலைக்குக் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும். தொடர்மாடி வீட்டுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் முழுக் காசும் முன்கூட்டியே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். பெரியம்மாவின் மகன், "என்ர பெயரில எழுதுவம், பிறகு பார்ப்பம்" என்றான். நல்ல பிள்ளைதான். இருந்தாலும் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு அம்மாவை வாடகை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

பழைய கிளாக்கர்

கேள்வியைக் காணவில்லை, தங்கச்சி. ஆனால் செய்தது சரி.

முதலாம் வகுப்பு அம்மா

மகனுக்கு நாலு வயது ஆனதும் பாடசாலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வாங்கினோம். நேர்முகத் தேர்வில் உறுதியைப் புரட்டிவிட்டு, வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் எத்தனை வருடம் என்று கேட்டார்கள். ஒரு வருடம். அப்போது பார்த்தது ஐந்து வருடத்துக்கு. வேறு பாடசாலைக்கு வானில் போகிறான். எந்தப் பாடசாலைக்காக வீடு வாங்கினோமோ அதன் மணி மட்டும் வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும்.

புது மாப்பிள்ளை

நாளைக் காலை ஹம்டன் லேன் பக்கம் ஒரு தொடர்மாடி வீடு பார்க்கப் போகிறோம். சி.ஓ.சி. இருக்கிறதாம், உறுதியும் இருக்கிறதாம். வேறு என்ன கேட்க, அக்கா?

ஆறாம் மாடி

கார் நிறுத்தும் இடம் தம்பி. தரகர் கீழே ஒரு தூணைக் காட்டி "இதுதான் உங்கட" என்பார். அந்த இலக்கம் பிளானில் உங்கள் வீட்டோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பொது இடம், யாரும் விடலாம். மாதப் பராமரிப்புக் காசில் முந்திய சொந்தக்காரர் பாக்கி வைத்திருக்கிறாரா என்று முகாமைத்துவக் குழுவிடம் கடிதம் வாங்குங்கோ. மாநகர சபைக்குக் கட்டிய சோலைவரித் துண்டையும் கேளுங்கோ.

புது மாப்பிள்ளை

தூணில் '2ஏ' என்று பெயிண்டில் எழுதியிருந்த ஞாபகம். பிளானை இன்னும் பார்க்கவில்லை.

ஆறாம் மாடி

தூணைப் படம் எடுங்கோ, பிளானையும் படம் எடுங்கோ. இரண்டையும் இங்கே போடுங்கோ, நாளைக்கு மாமா வீட்டுக்கு வாறார், காட்டுறன்.