முகப்புத்தாள் இல்லாத பழைய தமிழ் பைபிள்: காலம் கணிக்க உதவி தேவை

தாராபுரம் பக்கம் அம்மாயி வீட்டு அட்டாலியில் ஒரு பழைய தமிழ் பைபிள் கிடைத்தது. எந்தக் காலத்து அச்சு என்று மூன்று வாரமாகத் தேடியும் பிடிபடவில்லை.

முன்பக்கம் எதுவும் இல்லை. ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில், முகத்து வேர்வை சிந்தித்தான் உண்பாய் என்று ஆதாமிடம் சொல்லும் இடத்தில் தொடங்குகிறது. (அம்மாயி களை வெட்டும்போது அடிக்கடி சொல்வார். அவரது சொந்தச் சரக்கு என்றே நினைத்திருந்தேன்!) கடைசி ஏடுகளைச் செல் அரித்துவிட்டது. தோபித்து, மக்கபேயர் நூல்கள் இல்லாததால், 73 நூல்கள் உள்ள கத்தோலிக்கப் பைபிள் அல்ல, 66 நூல்கள் உள்ளதுதான்.

இப்போதைய பைபிளோடு ஒப்பிட்டேன். அதில் 'தேவன்' என்று வரும் இடமெல்லாம் இதில் 'பராபரன்'. ஊர்ப் போதகர் ஒருவர் பார்த்துவிட்டு, 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ் செய்த மொழிபெயர்ப்பு என்றார். ஆனால் ஹென்றி பவர் என்பவர் தலைமையிலான திருத்திய மொழிபெயர்ப்பு 1871இல் வந்த பிறகும் லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபையார் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பையே வைத்திருந்தார்கள். ஆகவே 'பராபரன்' என்ற சொல்லை மட்டும் நம்பிக் காலம் சொல்ல முடியவில்லை. 'லை', 'னை' பழைய துதிக்கை வடிவில் இருக்கின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்பது எங்கள் எருமைக்கே தெரியும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி உண்டு. ஈரோட்டில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரரிடம் கேட்டேன். காலத்தைச் சொல்லாமல் விலையைச் சொன்னார்.

முகப்புத்தாள் இல்லாத பப்ரிசியுஸ் பைபிளின் அச்சுக்காலத்தை எந்த அடையாளத்தை வைத்து உறுதிசெய்வது?