மென்பொருள்காரனுக்கு எந்த அளவையியல்: மெய்யியலா, கணிதமா?

கல்லடிக்காரன்:
உயர்தரத்தில் நான் கலைப்பிரிவு. அளவையியலும் (லொஜிக்) விஞ்ஞானமுறையும் என் பாடம். மறுகா எப்படியோ கோடிங் பக்கம் கிறுகி, இப்போது கல்லடி வீட்டிலிருந்தே கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பிழை விட்டேன். ஓடரில் உள்ள எல்லாப் பொருளும் அனுப்பியாயிற்றா என்று 'எவ்ரி' (every) என்ற கட்டளை போட்டுப் பார்ப்பேன். 'ட்ரூ' (உண்மை) என்றால் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போகும். ஒருவர் தன் ஓடரில் இருந்த எல்லாவற்றையும் கான்சல் பண்ணிவிட்டார். பட்டியல் வெறுமை. எவ்ரி ட்ரூ என்றது. காசைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு "உங்கள் பொருட்கள் அனைத்தும் அனுப்பப்பட்டன" என்று செய்தி போயிற்று. அவர் ஏசியதை இங்கே எழுத முடியாது.

ஏச்சு போகட்டும். நிறைவிதி ('எல்லாம் இப்படி') உண்மையென்றால் குறைவிதியும் ('சில இப்படி') உண்மை என்றுதானே ரியூசனில் படித்தேன்? எல்லாம் அனுப்பியாயிற்று என்றால் சிலவாவது அனுப்பியிருக்க வேண்டுமே!

இரவில் ஒரு மணித்தியாலம் படிக்க நேரம் உண்டு. மெய்யியல் பக்க அளவையியலைத் தொடரவா, கணித அளவையியலுக்குப் போகவா? கணிதம் எனக்குச் சாதாரண தரத்தோடு சரி.

ஒலுவில் வெளிச்சவீடு:
தம்பி, நீங்கள் படித்தது அரிஸ்டாட்டில் வழி. அங்கே 'எல்லா' என்று வாய் திறந்தாலே அந்த இனத்தில் ஒன்றாவது இருக்கிறது என்று கொள்வார்கள். 1879இல் ஜெர்மன் கணித அறிஞர் ஃபிரேகே காட்டிய வழியில் 'எல்லா' என்பது ஒரு நிபந்தனை: ஒன்று இந்த ஓடரில் இருந்தால், அது அனுப்பப்பட்டது. ஓடரில் எதுவுமே இல்லாவிட்டால் அதைப் பொய்யாக்க ஆளில்லை. உங்கள் கணினி ஃபிரேகே கட்சி.

ஆகவே கணிதப் பக்கம் வாருங்கள். முழுதும் வேண்டாம். கணித அளவையியலாளர் கோடெல் 1931இல் நிறுவிய முழுமையின்மைத் தேற்றங்கள் அழகுதான், ஆனால் திங்கட்கிழமை வேலைக்கு உதவாது. கணங்கள், பயனிலை அளவையியல் ('எல்லா', 'சில' என்பவற்றைக் குறியீட்டில் கையாள்வது), கணிதத் தொகுத்தறிவு (இன்டக்‌ஷன்) போதும். பயம் வேண்டாம். டி மோர்கன் விதியை ('இரண்டும்' என்பதை மறுத்தால் 'ஒன்றாவது இல்லை' என்று வரும் விதி) உண்மை அட்டவணையில் ஏற்கெனவே போட்டிருப்பீர்கள். (மனிதர் பிறந்தது மதுரையில், 1806இல்!)

களுவாஞ்சிகுடி அக்கா:
மெய்யியலை அப்படித் தள்ளிவிட நான் சம்மதிக்க மாட்டேன். 'எப்போதும்', 'எப்போதாவது' போன்ற காலச் சொற்களுக்கு 1950களில் அளவையியல் கட்டியவர் ஆதர் பிரையர் என்ற மெய்யியலாளர். அவருக்கு இருந்த கவலை, தலைவிதிப்படிதான் எல்லாம் நடக்கிறதா என்பது. 1977இல் கணினி விஞ்ஞானி அமீர் புனுவேலி அந்த அளவையியலைப் புரோகிராம்களுக்குக் கொண்டுவந்தார். 1996இல் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருதும் வாங்கினார்.

மட்டக்களப்பு–கொழும்பு பஸ் புக்கிங்கை நினையுங்கள். ஒரே சீட் இருவருக்கு விழக்கூடாது: இது 'எப்போதும்'. காசு கட்டியவருக்கு ரிக்கட் வந்தே தீரவேண்டும்: இது 'எப்போதாவது'. முதலாவது பிழைத்தால் கையோடு காட்டலாம். இரண்டாவதை எவ்வளவு நேரம் காத்திருந்து டெஸ்ட் பண்ணினாலும் "இன்னும் வரவில்லை" என்றுதான் சொல்லமுடியும்.

கல்லடிக்காரன்:
அக்கா, காசு போய் ஓடர் விழாமல் நின்ற கேஸ் ஒன்று எங்களிடமும் கிடக்கிறது. பயனிலையை முடித்துவிட்டு அங்கே வருகிறேன். இப்போதைக்குப் பட்டியலின் நீளம் பூச்சியமா என்று பார்க்க ஒரு வரி சேர்த்தாயிற்று.

அப்புறம் அண்ணா, சும்மா வெற்றுப் பட்டியலில் 'சம்' (some: சிலவாவது உண்டா) போட்டுப் பார்த்தேன். 'ஃபால்ஸ்' (பொய்) என்கிறது. நிறைவிதி உண்மை, குறைவிதி பொய்! இதை ரியூசன் சேருக்கு அனுப்பியிருக்கிறேன்.