சால்மன் கிளப்ல சீசன் முடியற நாள் சாப்பாட்டுக்கு கூப்டிருக்காங்க, என்ன எடுத்துட்டு போறது?

பெர்த்வாசி:
மக்களே ஒரு சந்தேகம். ஸ்காட்லாந்து பெர்த்துக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. பக்கத்து வீட்டு தாத்தா இங்க டே ஆத்துல (ஆமா, ஆத்து பேரே "டே" தான்) சால்மன் பிடிக்கற கிளப்ல மெம்பர். அக்டோபர் 15 கடைசி நாளாம், சாயங்காலம் கிளப்ஹவுஸ்ல எல்லாரும் கூடுவோம் கண்டிப்பா வரணும்னு சொல்லிட்டாரு. எனக்கு தூண்டிலை எந்த பக்கம் பிடிக்கறதுன்னு கூட தெரியாது. வெறுங்கையோட போக ஒரு மாதிரி இருக்கு, சூப்பர்மார்க்கெட்ல சால்மன் வாங்கி கட்லெட் போட்டு தரேன்னு வீட்டம்மா சொல்றாங்க. ஓகேவா? கோட் சூட் வேணுமா?

தூண்டில்முள்:
அய்யய்யோ தலைவா கட்லெட்டை மட்டும் எடுத்துட்டு போயிடாதீங்க 😂 தூண்டில்ல பிடிச்ச சால்மனை ஸ்காட்லாந்துல விக்கறதுக்கு 2002லயே தடை போட்டாச்சு, கடைல கிடைக்கறது அநேகமா எல்லாமே கடல்ல கூண்டு வெச்சு வளக்கற பண்ணை மீன். அந்த கூண்டுல இருந்து மீன் மேல ஒட்டற பேன் பரவி ஆத்து மீன் குஞ்சை அழிக்குதுன்னு இவங்களுக்கு பண்ணைக்காரங்க மேல செம கடுப்பு. நீங்க டப்பாவை திறந்தா பேச்சு அங்க தான் போகும், ராத்திரி பத்து மணி வரைக்கும் முடியாது.

கோட் சூட்லாம் வேணாம். பாதி பேரு ஆத்துல இருந்து நேரா வருவாங்க, வேடர்ஸை (தண்ணிக்குள்ள நிக்கறப்போ போடற நீளமான ரப்பர் பேண்ட்) வாசல்லயே கழட்டி போட்டுட்டு சாக்ஸோட உக்காந்திருப்பாங்க, ஈர நாய் ஒண்ணு ரெண்டு ஹீட்டர் பக்கத்துல படுத்திருக்கும். ஸ்வெட்டர் போதும். சாப்பாடு பெரும்பாலும் ஸ்டோவீஸ், அதாவது உருளைக்கிழங்கு வெங்காயம் மிச்ச கறி எல்லாம் போட்டு குழைய வேக வெச்சது. பொதுவா பீஃப் தான், சாப்பிட மாட்டீங்கன்னா தாத்தாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

கோமதி டண்டீ:
நான் வீட்டுக்காரர் கூட மூணு வருஷமா போறேன். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க தம்பி, "எத்தனை மீன் பிடிச்சீங்க"ன்னு யாரையும் கேட்காதீங்க. முழு சீசனும் போயி ஒண்ணு கூட மாட்டாதவங்க தான் அங்க பாதி. 2010ல ஸ்காட்லாந்து முழுக்க தூண்டில்ல ஒரு லட்சத்துக்கு மேல மாட்டுச்சு, 2023ல 33 ஆயிரம் கூட இல்ல, 1952ல கணக்கு எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து அது வரைக்கும் அதான் ரொம்ப கம்மி. மாட்டினாலும் முக்கால்வாசிக்கு மேல திருப்பி ஆத்துலயே விட்டுடறாங்க. அக்டோபர் மீன் செவந்து போயி, ஆணுக்கு தாடை கொக்கி மாதிரி வளைஞ்சு முட்டைக்கு ரெடியா இருக்கும், அதை கொல்ல யாருக்கும் மனசு வராது.

அதுக்கு பதிலா "தப்பிச்ச மீன் ஏதாவது இருக்கா"ன்னு கேளுங்க. அவ்ளோ தான், நீங்க வாயே திறக்க வேணாம்.

பெர்த்வாசி:
அப்போ மீன் கிளப் விருந்துல மீனே கிடையாதா 😭

தூண்டில்முள்:
சுவத்துல இருக்கும். ஜார்ஜினா பாலண்டைன் போட்டோ இருந்தா தாத்தாவை அது பக்கத்துல கூட்டிட்டு போங்க. 1922 அக்டோபர் 7, இதே டே ஆறு, சாயங்கால இருட்டுல அப்பா கூட படகுல இருந்து 64 பவுண்டு சால்மன் பிடிச்சாங்க, கிட்டத்தட்ட 29 கிலோ. பிரிட்டன்ல தூண்டில் ரெக்கார்டு இன்னைக்கும் அந்தம்மா பேர்ல தான். அங்க இருக்கற ஆம்பளைங்க எல்லாரும் நூறு வருஷமா அதை தாண்ட முடியாம தான் விஸ்கி குடிக்கறாங்க.

பெர்த்வாசி:
அப்டேட். கட்லெட் கேன்சல், மசால் வடை எடுத்துட்டு போனேன், பத்து நிமிஷத்துல காலி. ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிடுச்சு, ஒரு பெரியவர் மட்டும் உள்ள வரவே இல்ல, "கடைசி காஸ்ட்"னு சொல்லி சொல்லியே இன்னும் வீசிட்டு இருக்காராம், டார்ச் அடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. ஆத்துக்குள்ள வந்தப்பறம் சால்மன் சாப்பிடறதே இல்லியாமே, அப்புறம் எதுக்கு கொக்கியை கடிக்குதுன்னு தெரியாத்தனமா கேட்டுட்டேன். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி சண்டையே வந்துடுச்சு. கோமதி அக்கா சொன்ன கேள்வியையும் கேட்டேன், தாத்தா ஜூன் மாசம் தப்பிச்ச மீனை கை ரெண்டையும் விரிச்சு காட்டினாரு, ரெண்டாவது கிளாஸுக்கு அப்புறம் அது இன்னும் கொஞ்சம் நீளமாச்சு. ஜனவரி 15 சீசன் திறக்கறப்போ டே ஆத்து கரைல இருக்கற கென்மோர் ஊர்ல படகு மேல விஸ்கி ஊத்துவாங்களாம், வரியான்னு கேட்டிருக்காரு. அந்த குளிருக்கு என்ன ஜாக்கெட் வாங்கலாம்?

கோமதி டண்டீ:
ஜாக்கெட் இருக்கட்டும் தம்பி, வடை மாவுல சோம்பு போட்டீங்களா? நான் செஞ்சப்போ யாரும் தொடல.